நிலைப்படி

மோட்டார் வண்டியைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, அதில் ஏறி உட்கார வேண்டும். மற்றொன்று, இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் டிரைவர் முறைப்பார். இந்த ஞானத்தை வைத்துக்கொண்டே நாற்பது வயதுக்கு மேல் ஓட்டிவிட்டேன். என் நாவல்களில் கதாநாயகன் காரில் வரவேண்டியிருந்தால், 'வாசலில் கார் வந்து நின்றது' என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவேன். என்ன கார், எத்தனை குதிரை சக்தி என்று எந்த வாசகரும் இதுவரை கேட்டு எழுதியதில்லை.

அப்படிப்பட்ட நான், ஒரு ஜீப்பின் கதவுக்குக் கீழே ஓடுகிற ஒரு சாண் தகட்டைப் பற்றி இரண்டு மாத காலம் ஊணுறக்கம் இல்லாமல் யோசித்தேன் என்றால், அதற்குக் காரணம் என் பெரியம்மாதான்.

பெரியம்மா வீடு வடக்குப்பட்டில் இருக்கிறது. ஒரகடத்துக்குப் பக்கத்து ஊர். பள்ளிக்கூட விடுமுறைக்கு நான் போன நாட்களில் அங்கே ஏரியும், வேலிகாத்தானும், வெயிலும்தான் இருந்தன. இன்று ஒரகடம் கூட்டுரோட்டில் நின்றால் வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கிற இடத்தில், கன்டெய்னர் லாரிகள் மலைமலையாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. 2010-இல் ரெனோ - நிஸ்ஸான் தொழிற்சாலை வந்தது. 2012-இல் பாரத் பென்ஸ் லாரி. 2013-இல் ராயல் என்ஃபீல்டு. கார்களைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. உலகத்துக்கெல்லாம் வண்டி செய்து அனுப்புகிற ஊர்ப்பக்கம் அது. ஆனால் மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஏரிக்கரை வழியாக எங்கள் பெரியம்மா வீட்டுக்குப் போகிற பாதை மட்டும், மழை வந்தால் பழையபடி மாட்டு வண்டிக்கே சொந்தம்.

2022-இல் மத்தியத் தொல்லியல் துறையார் அந்த ஊரில் ஒரு மேட்டைத் தோண்டினார்கள். மேலே பல்லவர் காலத்துச் சுவடு, அதற்குக் கீழே மணிகள், ரோம் நாட்டு மதுச் சாடியின் ஓடுகள், அதற்கும் கீழே கல்லாயுதங்கள் என்று அடுக்கடுக்காகக் கிடைத்தன. பெரியம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கல்லைப் பார்க்கவா இவ்வளவு கூட்டம்? நம்ம பாதையிலே இல்லாத கல்லா?" என்று கேட்டாளாம். பாதையில் இருந்த அந்தக் கல்லைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பெரியம்மாவின் மகன், அதாவது என் அண்ணன், விவசாயி. நிலத்தில் ஒரு பகுதி தொழிற்பேட்டைக்குப் போயிற்று. வந்த பணத்தில் பெண்ணின் கல்யாணம் போக மிச்சம் இருந்ததில், அவருடைய மகன் 2021-ஆம் வருஷத்து தார் ஜீப் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினான். பையனுக்கு இருபத்தாறு வயது. கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் வேலை. நல்ல கைக்காரன். ஜீப் வாங்கிய மறுவாரமே சென்னையில் ஒரு கடைக்குப் போய், இரண்டு பக்கமும் பளபளவென்று எவர்சில்வர் குழாயில் படி வைத்துக்கொண்டு வந்துவிட்டான். அவன் அழகுக்காக வைத்தான். அண்ணன் தம் முழங்கால் வலிக்காக அதை ஆமோதித்தார். ஊரில் எல்லோரும் ஒருமுறை அதில் ஏறி இறங்கிப் பார்த்தார்கள்.

2023 டிசம்பர் 3-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மாவைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம் என்று நான் போனேன். மிக்ஜாம் புயல் என்னைத் திரும்ப விடவில்லை. ஞாயிறு இரவெல்லாம் மழை, திங்கட்கிழமையும் மழை. மின்சாரம் இல்லை. திங்கள் இரவு பத்து மணிக்குப் பெரியம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எழுபத்தெட்டு வயது. வியர்வை ஆறாகப் பெருகுகிறது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் வர வழியில்லை என்றார்கள்.

ஜீப் இருந்தது. பெரியம்மாவை முன் ஸீட்டில் உட்கார வைத்தோம். அண்ணனும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம். அந்த ஜீப்பில் பின் ஸீட்டுக்குத் தனிக் கதவு கிடையாது. முன் ஸீட்டை மடக்கித்தான் ஏறவேண்டும், இறங்க வேண்டும். இதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கரையின் மேல் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பையன் தாழ்ந்த கியரில் போட்டு, ஊர்ந்துதான் போனான். கலங்கலுக்குப் பக்கத்தில் சிறு பாலம் ஒன்று. அதன் ஓரம் கரைந்து போயிருந்தது தண்ணீருக்கடியில் யாருக்குத் தெரியும்? இடது சக்கரம் சறுக்கி இறங்கியது. 'டங்' என்று அடிவயிற்றில் ஒரு சத்தம். பிறகு இரும்பு நெரிகிற ஓசை. வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து, திணறி, எப்படியோ எழுந்து மேலேறிவிட்டது. "பகவானே!" என்றார் அண்ணன். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை.

மெயின் ரோட்டை அடைந்து ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினோம். பையன் குதித்து ஓடி வந்து இடது கதவைப் பிடித்து இழுத்தான். கதவு திறக்கவில்லை.

உள்ளிருந்து தள்ளினோம், வெளியிலிருந்து இழுத்தான். கதவின் அடிப்பாகம் நகரவில்லை. அண்ணனும் நானும் பின்னால் பெட்டிக்குள் அகப்பட்ட எலிகள் மாதிரி. கடைசியில் பெரியம்மாவை டிரைவர் பக்கமாக, இரண்டு கியர்க் கம்பிகளையும் கைப் பிரேக்கையும் தாண்டி, மூட்டையைப் போல இழுத்து எடுத்தோம். பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "புடவை... புடவை..." விலகிப்போன புடவையைச் சரி செய்யச் சொன்னாள்.

டாக்டர் நல்லவர். மருந்து ஏற்றினார்; காப்பாற்றிவிட்டார். ஆனால் விடியற்காலையில், "இந்த விஷயத்தில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம்" என்று பொதுவாக ஒரு வார்த்தை சொன்னார். அது பையன் காதில் விழுந்துவிட்டது. பத்து நாள் அவன் ஜீப்பைத் தொடவில்லை.

பெரியம்மா வீடு திரும்பிய பிறகு நான் மறுபடி போனேன். வேப்பமரத்தடியில் ஜீப்பின் பக்கத்தில் அவன் குந்திக்கொண்டிருந்தான்.

"சித்தப்பா, இதைப் பாருங்க" என்றான். குனிந்து பார்த்தேன். எவர்சில்வர் படி வில்லாக வளைந்திருந்தது. அதைத் தாங்கிய கவ்விகள் கதவுக்குக் கீழே இருந்த தகட்டை மேல்நோக்கி உந்தி, கதவின் அடியில் ஆப்பு அடித்தது போல் நிறுத்தியிருந்தன.

"படி இல்லாமலிருந்தால்?"

"பாலத்துக் கல்லு தகட்டிலேயே பட்டு நசுக்கியிருக்கும். அப்பவும் கதவு மாட்டியிருக்கலாம். ஆனா இது காப்பாத்தும்னு நெனச்சேனே சித்தப்பா! காப்பாத்தறதுக்குன்னு வச்சதே ஆயாவைப் பூட்டிடுச்சே!"

அன்று மாலை அவன் எனக்கு நடத்திய பாடத்தை என் மொழியில் சொல்கிறேன்.

கதவுக்குக் கீழே, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஓடுகிற பாகம்தான் வண்டியின் நிலைப்படி. ஆங்கிலத்திலும் அதற்குப் பெயர் ஜன்னல் சட்டத்துக்கும் வாசற்படிக்கும் உள்ள பெயர்தான். வண்டிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கட்டில் ஜாதி. கட்டில் சட்டம் போல் கீழே கனத்த இரும்புச் சட்டம் ஒன்று இருக்கும். அதன்மேல் மெத்தையை வைத்தாற் போல் கூண்டை ரப்பர் புஷ்களின் மேல் வைத்து முடுக்கியிருப்பார்கள். தார் ஜீப் இந்த ஜாதி. பழைய வில்லிஸ் ஜீப்பும் இதே ஜாதிதான். இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்காவில் செய்த அந்த வண்டியை, 1940-களின் இறுதியில் மஹிந்திராக்காரர்கள் பம்பாயில் பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். இன்றைய தார் அந்த வம்சத்தில் வந்தது. இந்த ஜாதி வண்டியில் நிலைப்படி வெறும் தோல். பலமெல்லாம் உள்ளே தள்ளியிருக்கிற சட்டத்தில்.

இன்னொன்று முட்டை ஜாதி. தனிச் சட்டம் கிடையாது, ஓடே எலும்பு. 2012 முதல் ஒரகடத்தில் செய்து இந்தியா முழுவதும் ஓடிய டஸ்டர் இந்த ஜாதி. இதில் நிலைப்படிதான் முதுகெலும்பு. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து மோதினால், அந்த அடியை வாங்கி உடம்பெல்லாம் பரப்புவது அதுதான். அதில் கண்ட இடத்தில் துளை போட்டுப் படி மாட்டுகிறவர், முதுகில் ஆணி அடித்துக்கொள்கிறவர்.

"நம்ம தப்பு என்ன தெரியுமா?" என்றான். "கட்டில்லே கட்ட வேண்டியதை மெத்தையிலே கட்டிட்டோம்."

இதை அவன் சொன்னபோது, இருபது வருஷமாகக் கதை எழுதுகிற எனக்கு இப்படி ஓர் உவமை வாய்த்ததில்லையே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இன்னொரு சங்கதியும் சொன்னான். ஒரு மேட்டை வண்டி தாண்டும்போது முன் சக்கரம் தாண்டிவிடும். பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. அந்தச் சமயத்தில் மேடு வண்டியின் நடுவயிற்றைத் தேடும். சக்கரங்களுக்கு நடுவே தூரம் அதிகமாக ஆக, வயிறு தட்டுவதும் அதிகமாகும். வில்லிஸ் ஜீப்பில் அந்தத் தூரம் 80 அங்குலம், அதாவது 2032 மில்லிமீட்டர்தான். இவன் ஜீப்பில் 2450. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம் என்று கம்பெனி கணக்குக் கொடுத்திருக்கிறது. அந்த உயரத்தைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, வயிற்றுக்குக் கீழே ஒரு குழாயையும் தொங்கவிட்டால், கொடுத்த காசைத் தெருவில் கொட்டியதாகத்தானே அர்த்தம்?

ஆகவே என்ன வேண்டும்? 'ராக் ஸ்லைடர்' வேண்டுமாம். ராக் என்றால் பாறை. ஸ்லைடர் என்றால் சறுக்குவது. கல்லின்மேல் வண்டி உட்கார்ந்தாலும், எடை முழுவதையும் வாங்கிச் சட்டத்துக்குக் கொடுத்துவிட்டு, படகு மாதிரி சறுக்கிப் போவதற்கான இரும்பு. படி என்பது மனிதன் எடைக்கு. இது வண்டியின் எடைக்கு.

இங்கேதான் குடும்பத்தில் கட்சிப் பிரிவினை ஏற்பட்டது. அண்ணன், "ஜீப்பை வித்துத் தொலை" என்றார். பிறகு இறங்கி வந்து, "போடுவதானால் மறுபடி படியே போடு, எனக்கு முழங்கால் வலிக்குது" என்றார். பையன் வாயைத் திறக்கவில்லை. சமாதானத் தூதுவனாக நான் நுழைந்தேன். அவனும் நானும் சென்னைக்குப் போனோம். ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் ஏறி இறங்கினோம். புதுப்பேட்டைச் சந்துகளிலும் சுற்றினோம்.

மூன்று வகை பார்த்தோம். எவர்சில்வர் வேண்டாம், அதன் குணம் தெரிந்துவிட்டது. தப்பு உலோகத்தில் இல்லை, அதன் மெலிவில். தட்டிப் பார்த்தால் பால் செம்பு மாதிரி ஒலித்தது. அலுமினியம் இலேசு; துருப்பிடிக்காது. ஆனால் மிருது. கல்லைக் கண்டால் சறுக்காமல் கவ்விக்கொள்ளும். கல் அதைக் கீறி வழிக்கும். மிஞ்சியது சாதாரண இரும்புக் குழாய். மூன்று நாலு மில்லிமீட்டர் சுவர்த் தடிப்பு. தட்டினால் தோசைக்கல் மாதிரி 'ணங்' என்று ஒரு கனத்த பதில். "இதுதான்" என்றான் பையன். இரண்டு பக்கமும் சேர்த்தால் முப்பது நாற்பது கிலோ வரும். பள்ளிக்கூடப் பையன் ஒருவனை எப்போதும் ஏற்றிக்கொண்டு திரிவதற்குச் சமம். அந்தப் பாரம் உண்மையான பாரம், பெட்ரோல் குடிக்கும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் தீர்மானித்தோம்.

பட்டறைக்காரர் ஒருவர், "சட்டத்தோட வெல்டிங் வச்சுடறேன் தம்பி, ஜன்மத்துக்கும் அசையாது" என்றார். பையன் மறுத்துவிட்டான். சட்டத்து இரும்பைச் சூடு பண்ணினால் அந்த இடத்தில் அதன் குணம் மாறிவிடுமாம். விரிசல் விட்டால் அங்கேதான் விடுமாம். அடிபட்டு வளைந்தால் கழற்றி மாற்றவும் முடியாது. போல்ட்டு போட்டு முடுக்குவதே உத்தமம்.

இதற்கு நடுவில் சட்டம் என்று இன்னொரு சட்டம் இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்ற பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் எனக்கு ஸ்நேகிதர். அவரிடம் போனோம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2017 டிசம்பரில் மத்திய அரசு, வண்டிகளுக்கு முன்னால் கட்டுகிற இரும்புத் தடுப்புகளின் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் 52-ஆம் பிரிவை இறுக்கிப் பிடித்தது.

"தப்பில்லை என்று நான் எழுதித் தரமாட்டேன்" என்றார் அவர். "ஆனால் ஒன்று கேட்டுக்கொள். முன்னால் கட்டுகிற தடுப்பு ஏன் தப்பு? நடந்து போகிறவனை அது அடித்துக் கொல்லும். உன் இரும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சைக்கிளில் போகிற பிள்ளையின் முழங்காலை அதுவும் உடைக்கும். சக்கரத்தின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் நீட்டாதே. சட்டத்தை வெட்டாதே. எப்போது கழற்றச் சொன்னாலும் கழற்றிக் கொடுக்கிற மாதிரி வை. இன்ஷூரன்ஸ்காரனுக்கு எழுத்து மூலம் தெரிவி."

கதவுக்கு வெளியே கொம்பு மாதிரி வளைந்து நிற்கிற ஒரு மாதிரியின் மேல் பையனுக்கு ஆசை இருந்தது. அதைக் கேட்டதும் அந்த ஆசையை விட்டுவிட்டான். ஒரகடம் கம்பெனிகளுக்கு விடிகாலை ஷிப்டுக்குச் சைக்கிளிலும் மொபெட்டிலும் போகிறவர்கள் பாதிப்பேர் எங்கள் ஊர்க்காரர்கள்தானே?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியில் வேலை ஆரம்பமாயிற்று. நசுங்கிய தகட்டை டிங்கர் பட்டறையில் முன்பே நிமிர்த்தியாகிவிட்டது. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகத்தில் இருந்தேன். பதினாலு கேட்டால் பதினேழு கொடுத்தேன். இருந்தாலும் இரண்டு மூன்று நுணுக்கங்கள் என் மூளையில் ஏறின.

குழாய் நிலைப்படியைத் தொடக் கூடாது. நடுவில் ஒரு விரல் இடைவெளி வேண்டும். பள்ளத்தில் போகும்போது சட்டம் முறுக்கிக்கொள்ளும். கூண்டு ரப்பரின் மேல் அசையும். இரண்டும் ஒன்றையொன்று உரசினால் பழைய கதைதான். ஒவ்வொரு காலும் சட்டத்தில் சேருமிடத்தில் அகலமான பட்டைத் தகடு வேண்டும். அடி ஒரே இடத்தில் குத்தாமல் பரவுவதற்கு. பிரேக் குழாயும் ஒயரும் நடுவில் நசுங்கக் கூடாது. நிலைப்படித் தகட்டின் அடியில் மழைத் தண்ணீர் வடிய சிறு துளைகள் இருக்கின்றன. அவற்றை அடைத்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே துரு அரித்துவிடும். போல்ட்டுகளை அளவுகாட்டும் ரெஞ்சால் முடுக்க வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முடுக்கிப் பார்க்க வேண்டும். வர்ணம் கூடச் சாதாரண கறுப்புப் பெயின்டுதான். கல் பட்டுக் கீறினால் ஒரு பிரஷ்ஷால் நாமே பூசிக்கொள்ளலாம்.

சாயங்காலம் பரீட்சை. ஜாக்கியை வண்டிக்கு அடியில் வைக்காமல், புதிதாகப் போட்ட இரும்பின் நடுவிலேயே வைத்தான். ஒருபக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்புகிறவரை தூக்கினான். இரும்பு முனகியது, வளையவில்லை. விரல் இடைவெளி அப்படியே இருந்தது. அந்த நிலையில் எழுந்து போய் இடது கதவின் கைப்பிடியைப் பிடித்தான். அவன் கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

கதவு திறந்தது.

சாத்தினான். மறுபடி திறந்தான். அப்படி ஏழெட்டு முறை திறந்து திறந்து சாத்திக்கொண்டிருந்தான். அண்ணன் திண்ணையிலிருந்து, "போதும்டா, கழண்டுடப் போகுது" என்றார். அதட்டலாகத்தான் சொன்னார், ஆனால் குரல் அதட்டவில்லை.

அண்ணனின் முழங்காலுக்காக, குழாயின் மேல் சொரசொரப்பான ஒரு பட்டையைப் பதித்திருந்தான். ஏறிப் பார்த்து, "பழையபடி உயரமாத்தான் இருக்கு, பரவாயில்லை" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அடுத்த வாரம் பெரியம்மாவை டாக்டரிடம் காட்டிவர வேண்டியிருந்தது. ஜீப் வாசலில் வந்து நின்றது. (பாருங்கள், பழைய வாக்கியம் வந்துவிட்டது.) பையன் கதவைத் திறந்து, "இதிலே கால் வச்சு ஏறு ஆயா" என்றான். பெரியம்மா அந்தக் கறுப்பு இரும்பை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"இது என்னடா?"

"வண்டிக்கு நிலைப்படி மாதிரி ஆயா. உன்னைக் காப்பாத்தறதுக்குத்தான்."

"நிலைப்படியை எவனாவது மிதிப்பானா?" என்றாள் அவள். "முக்காலியை எடுத்தா."

அடுப்பங்கரையிலிருந்து முக்காலி வந்தது. அதன்மேல் ஒரு காலை வைத்து, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றக் காலை அந்த இரும்பின் மேல் படாமல் தூக்கி உள்ளே வைத்து உட்கார்ந்தாள். இந்த முறை நாங்கள் பின் ஸீட்டில் ஏறுவதற்கு முன்பே அவள் உட்கார்ந்துவிட்டதால், மறுபடி அவளை இறக்கி ஸீட்டை மடக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அண்ணனும் நானும் மொபெட்டில் பின்னாலேயே போனோம்.

கலங்கல் பக்கத்துப் பாலத்தைச் செப்பனிட்டிருக்கவில்லை. தண்ணீர் வடிந்து, உடைந்த கல் வெளியே தெரிந்தது. அதன் மூக்கில் எவர்சில்வர் உராய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று இன்னும் இருந்தது. பையன் வண்டியை நிறுத்தி, எட்டிப் பார்த்து, கல்லுக்கு ஒரு முழம் விலகியே ஓட்டிக்கொண்டு போனான். இரும்பு இருக்கிறது என்பதற்காக அவன் அதைப் பரீட்சை பண்ணவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அவன் ஓடி வந்து இடது கதவைத் திறந்தான். திறந்தது. பெரியம்மா, "முக்காலியைக் கொண்டாந்தியாடா?" என்று கேட்டாள். அன்று கதவு திறந்ததை அவள் கவனிக்கவே இல்லை.